சொந்த வெப்சைட்டுக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்? – ஒரு வரலாற்றுப் பார்வை

கல்லூரியை விட்டு ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து போன நாம், இண்டர்நெட் வந்த நாளிலிருந்து அதில் ஏதாவது ஓரிடத்தில் கூடிக்கொண்டுதான் இருக்கிறோம். ஜியோசிட்டீஸில் இலவசமாக இடம் கிடைக்கிறது என்று பக்கங்கள் போட்டவர்கள் உண்டு. யாஹூ குரூப்ஸில் பேட்ச் பேட்சாகச் சேர்ந்தவர்கள் உண்டு. ஆர்குட்டில் பழைய ஹாஸ்டல் போட்டோக்களைப் போட்டுக் கலாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

இன்று அவை எங்கே? ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று கடையைக் கட்டியது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் முடிந்து போனது. எடுத்துவைத்துக்கொண்டவர்களிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மற்றதெல்லாம் போனது போனதுதான். வாடகை வீடு என்றால் அப்படித்தான். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

"அப்படீன்னா நாமே சொந்தமா ஒரு சர்வர் வெச்சு நடத்தினா என்ன?" என்ற எண்ணம் வருவது இயல்பே. சர்வர் என்பது பெரிய பூதம் ஒன்றும் இல்லை. கேட்பவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அது பழைய மேஜைக் கம்ப்யூட்டராகவும் இருக்கலாம். மாத வாடகைக்கு எடுத்த இடமாகவும் இருக்கலாம். வாடகை இடமாக இருந்தாலும், உள்ளே இருக்கும் சாமான் முழுக்க நம்முடையது. எப்போது வேண்டுமானாலும் அப்படியே தூக்கி இன்னொரு இடத்தில் வைக்கலாம். அந்த வித்தியாசம் முக்கியம்.

ஆனால் வேலையைத் தொடங்கிய உடனே முதல் கேள்வி வந்து நிற்கிறது. இப்போது படிக்கும் பிள்ளைகள் கேட்பதும் அதைத்தான்: "அண்ணே, புதுசா கத்துக்கிறவனுக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஈஸி?" நேராக ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்த 'ஈஸி' என்ற சொல்லுக்கு முப்பது ஆண்டுகளில் மூன்று முறை பொருள் மாறியிருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால், பெயரை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முதல் கட்டம்: கையில் கிடைப்பதே பெரிது

உலகின் முதல் வெப் சர்வர் 1990-ன் இறுதியில் சுவிட்சர்லாந்தில், செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீயின் மேஜையில் ஓடியது. அது நெக்ஸ்ட் என்ற கம்ப்யூட்டர். யாராவது தெரியாமல் அணைத்துவிடக் கூடாதே என்று, 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்ற பொருளில் கையால் எழுதி அதன் மேல் ஒட்டி வைத்திருந்தார்கள். அந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டம் யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. வெப்பும் யூனிக்ஸும் பிறந்த நாள் முதலே ஒட்டிப் பிறந்தவை எனலாம்.

யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் கையில் உருவானது. அதன் உரிமையாளரான ஏ.டி.அண்ட்.டி. டெலிபோன் கம்பெனி, 1956-ல் அரசுடன் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின்படி டெலிபோனைத் தவிர வேறு வியாபாரத்தில் இறங்க முடியாது. எனவே யூனிக்ஸை மூல நிரலோடு சேர்த்துப் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதை எடுத்துத் திருத்தி, 1983-ல் 4.2 பி.எஸ்.டி. என்ற பதிப்பில் இண்டர்நெட் பேசும் மொழியான டி.சி.பி./ஐ.பி.யைச் சேர்த்து வெளியிட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிச் செய்த வேலை இண்டர்நெட்டின் அஸ்திவாரமானது என்பதை நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு ஏ.டி.அண்ட்.டி.க்கு வியாபாரத் தடை நீங்கியது, விலையும் ஏறியது. சாதாரணமான ஒருவர் தம் வீட்டுக் கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் போட நினைப்பது நடவாத காரியமாயிற்று. இந்தச் சூழ்நிலையில்தான் 1991 ஆகஸ்ட் 25-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதி வருவதாக அறிவித்தார். அதுதான் லினக்ஸ். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த க்னூ திட்டத்தின் கருவிகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. 1992-ல் அதே திட்டத்தின் உரிமமான ஜி.பி.எல்.லின் கீழ் லினக்ஸ் வந்ததும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், மற்றவர்க்குக் கொடுக்கலாம் என்றானது.

இதே காலத்தில் பெர்க்லியின் பி.எஸ்.டி.யும் சாதாரணக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. அதிலிருந்து 1993-ல் ஃப்ரீபி.எஸ்.டி., நெட்பி.எஸ்.டி. பிறந்தன. தரத்தில் அவை லினக்ஸுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல; யாஹூவே பல்லாண்டு ஃப்ரீபி.எஸ்.டி.யில்தான் ஓடியது. ஆனால் 1992-ல் யூனிக்ஸின் உரிமையாளர்கள் பி.எஸ்.டி. மேல் வழக்குப் போட்டார்கள். 1994-ன் தொடக்கத்தில் சமரசமாக முடியும்வரை, 'இதைத் தொட்டால் கோர்ட்டுக்குப் போகணுமோ' என்ற தயக்கம் பலருக்கும் இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் கூட்டம் லினக்ஸ் பக்கம் சேர்ந்துவிட்டது. எது சிறந்தது என்பதைவிட எது தடையில்லாமல் கையில் கிடைத்தது என்பதே அன்று முடிவு செய்தது.

இரண்டாம் கட்டம்: போடுவது சுலபமா?

கிடைத்தால் போதுமா? போடத் தெரிய வேண்டாமா? லினக்ஸ் என்பது நடுக்கரு மட்டுமே. அதனுடன் நூற்றுக்கணக்கான சாஃப்ட்வேர்களைச் சேர்த்தால்தான் முழுச் சாப்பாடு. அப்படிச் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்புகள் 1992-ல் வரத் தொடங்கின. 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங்கின் ஸ்லாக்வேர். ஆகஸ்ட் 16-ல், பர்டூ பல்கலைக்கழக மாணவர் இயான் முர்டாக் அறிவித்த டெபியன். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. 1994-ல் ரெட் ஹாட் வந்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இண்டர்நெட்டை வி.எஸ்.என்.எல். திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-ல். டயல்-அப் கனெக்ஷனில் ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தை இறக்குவது என்பது நினைத்துப் பார்க்கவே முடியாத சமாச்சாரம். நம்மில் பலர் லினக்ஸின் முகத்தை முதலில் பார்த்தது பி.சி. குவெஸ்ட் பத்திரிகையோடு வந்த சி.டி.யில்தான். அதைப் போடுவதும் லேசில்லை. ஹார்ட் டிஸ்கைப் பிரிக்கும்போது விண்டோஸை அழித்துவிட்டு முழித்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

வெப் சர்வர் சாஃப்ட்வேரின் கதையும் இதேபோல்தான். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர்தான் அன்று பலரும் வைத்திருந்தது. 1994-ல் அவர் அங்கிருந்து போய்விட, பழுது பார்க்க ஆளில்லை. அதைப் பயன்படுத்தியவர்களே ஆளுக்கொரு ஒட்டுப் போட்டு ஓட்டினார்கள். 1995 பிப்ரவரியில் எட்டுப் பேர் ஒன்று சேர்ந்து அந்த ஒட்டுக்களையெல்லாம் தொகுத்தார்கள், அதுவே அப்பாச்சி. 1996 ஏப்ரலுக்குள் நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது. எழுதியவர் போன பிறகும் ஒரு சாஃப்ட்வேர் உயிரோடு இருக்குமா? பின்னால் ஒரு கூட்டம் இருந்தால் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

1995-ல் பி.எச்.பி.யும் மைஎஸ்.கியூ.எல்.லும் வந்தன. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்.கியூ.எல்., பி.எச்.பி. ஆகிய நான்கையும் சேர்த்து 'லேம்ப்' என்று 1998-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் பெயர் சூட்டினார்கள். மறுபுறம் மைக்ரோசாஃப்ட் 1996-ல் விண்டோஸ் என்.டி. 4.0 சர்வருடன் ஐ.ஐ.எஸ். என்ற வெப் சர்வரைச் சேர்த்தே கொடுத்தது. மௌஸைப் பிடித்துக் கிளிக் செய்தால் போதும், சர்வர் ரெடி! "இதைவிட ஈஸியா எது இருக்கு?" என்று அன்று பலரும் கேட்டதில் தவறில்லை. பதில் 2001-ல் வந்தது.

மூன்றாம் கட்டம்: காப்பாற்றுவது சுலபமா?

2001 ஜூன் 18-ல் மைக்ரோசாஃப்ட், ஐ.ஐ.எஸ். சர்வரைப் பாதிக்கும் ஓர் ஓட்டையை அறிவித்து அதற்கான திருத்தத்தையும் வெளியிட்டது. யாருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை. ஒரு மாதம் கழித்து 'கோட் ரெட்' என்ற புழு கிளம்பியது. ஜூலை 19 அன்று, சுமார் 14 மணி நேரத்துக்குள் 3,59,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்தது. மருந்து ஒரு மாதமாக அலமாரியில் இருந்தது. எடுத்துக் குடிக்கத்தான் ஆளில்லை. தம் கம்ப்யூட்டரில் ஒரு வெப் சர்வர் ஓடுகிறது என்பதே தெரியாதவர்களும் அதில் அடக்கம். போடுவது அவ்வளவு சுலபமாக இருந்ததன் விளைவு அது.

லினக்ஸ்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அதே 2001 ஜனவரியில் 'ராமென்' புழு ரெட் ஹாட் லினக்ஸின் 6.2, 7.0 பதிப்புகளைப் பிடித்து ஆட்டியது. அதற்கும் திருத்தங்கள் முன்பே வந்திருந்தன. கம்பெனி எதுவானாலும் பாடம் ஒன்றுதான். சர்வரை ஒருமுறை போடுகிறோம். ஆனால் ஆயிரம் முறை திருத்த வேண்டியிருக்கிறது. ஆகவே எது போட ஈஸி என்பதைவிட, எது திருத்த ஈஸி என்பதே சரியான கேள்வி.

இந்தக் கேள்விக்கு டெபியன் முன்னமே விடை வைத்திருந்தது. 1999 மார்ச்சில் வந்த அதன் 2.1 பதிப்பில் 'ஆப்ட்' என்ற கருவி இருந்தது. வேண்டிய சாஃப்ட்வேரின் பெயரைச் சொன்னால் போதும், அதற்குத் துணையாக வேண்டியதையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். திருத்தங்கள் வந்தால் இரண்டே வரிக் கட்டளை. அதுவரை ஒன்றைப் போட்டால் இன்னொன்று வேண்டும், இன்னொன்றைப் போட்டால் மூன்றாவது வேண்டும் என்று இழுத்துக்கொண்டே போன தலைவலி அத்தோடு குறைந்தது.

டெபியனுக்கு ஒரு குறையும் இருந்தது. 2002 ஜூலையில் 3.0 பதிப்பு வந்தது, அடுத்த 3.1 வர 2005 ஜூன் ஆயிற்று. பொறுமை இழந்தவர்களுக்காகவே பிறந்தது போல், தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த் 2004 அக்டோபர் 20-ல் உபுண்டுவைக் கொண்டுவந்தார். டெபியனே அதன் அடிப்படை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று நாள் குறித்தார். கேட்டவர்களுக்கெல்லாம் காசில்லாமல் தபாலில் சி.டி. அனுப்பினார். 2006 ஜூனில் வந்த 6.06 பதிப்பில் இன்னொரு நல்ல வழக்கமும் தொடங்கியது. சர்வருக்கு ஐந்து ஆண்டுகள் திருத்தம் தருவோம் என்று எழுதியே கொடுத்தார்கள். எல்.டி.எஸ். எனப்படும் நீண்டகாலப் பதிப்பு அதுதான்.

வாக்கும் வாக்கு மாறியதும்

இந்த 'எழுதிக் கொடுத்த ஆண்டுகள்' எவ்வளவு முக்கியம் என்பதை ரெட் ஹாட்டின் கதை இரண்டு முறை காட்டியது. 2003 மார்ச்சில் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 9-ஐக் காசில்லாமல் போட்டுக்கொண்டவர்களுக்கு, 2004 ஏப்ரலோடு திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. இனி காசு கொடுப்பவர்க்கு எண்டர்பிரைஸ் பதிப்பு, மற்றவர்க்கு ஃபெடோரா என்றார்கள். கம்பெனி என்றால் லாபம் பார்க்கத்தானே வேண்டும். அதைக் குறை சொல்வதற்கில்லை.

அப்போது சில தன்னார்வலர்கள், உரிமம் அனுமதித்தபடியே அந்த எண்டர்பிரைஸ் பதிப்பின் மூல நிரலை எடுத்து அச்சு அசலாகத் தயாரித்து 2004-ல் சென்ட்.ஓ.எஸ். என்று இலவசமாகக் கொடுத்தார்கள். உலகமெங்கும் வெப்சைட் நடத்துபவர்கள் அதில் குடியேறினார்கள். 2014-ல் அந்தத் திட்டத்தை ரெட் ஹாட் தன் குடைக்குள் கொண்டுவந்தது. 2019 ஜூலையில் ரெட் ஹாட்டையே ஐ.பி.எம். சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான சென்ட்.ஓ.எஸ். 8-க்கு 2029 வரை திருத்தம் வரும் என்பது எல்லோரின் எதிர்பார்ப்பு. ஆனால் 2020 டிசம்பர் 8-ல் வந்த அறிவிப்பு, 2021 டிசம்பர் 31-ஓடு சரி என்றது. பத்தாண்டுக் கணக்குப் போட்டவர்களுக்கு இரண்டேகால் ஆண்டுதான் கிடைத்தது.

நல்ல வேளையாக மூல நிரல் திறந்த நிரல். 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸும் ஜூனில் ராக்கி லினக்ஸும் எழுந்து வந்தன. குடியிருந்தவர்கள் தெருவில் நிற்கவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் சாமான் தூக்கி வேறு வீடு பார்க்க வேண்டியதாயிற்று. இதிலிருந்து நமக்குத் தெரிவது: எத்தனை ஆண்டு என்று கேட்டால் மட்டும் போதாது. அந்த வாக்கைக் கொடுத்தது யார், அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

மெதுவாகப் போவதன் மேன்மை

"பழைய பதிப்பா இருக்கே, புதுசு வேணாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு 2024-ல் நடந்ததே விடை. எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சாதாரணக் கருவி. அதைப் பராமரிப்பவர்களில் ஒருவராக, சில ஆண்டுகள் நல்லபிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதற்குள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். சர்வருக்குள் நுழையும்போது அரை விநாடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டு ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினியர், 2024 மார்ச் 29-ல் அதை உலகுக்குச் சொன்னார். அதற்குள் புதியதை உடனுக்குடன் எடுக்கும் சோதனைப் பதிப்புகளில் அது நுழைந்துவிட்டிருந்தது. டெபியனின் நிலையான பதிப்பிலும் உபுண்டுவின் வெளியான எல்.டி.எஸ். பதிப்புகளிலும் அது இல்லை. சர்வர் விஷயத்தில் நிதானமே பாதி பாதுகாப்பு.

சரி, எதைப் போடலாம்?

இவ்வளவு வரலாற்றையும் வடிகட்டினால் மூன்று கேள்விகள் மிஞ்சும். எத்தனை ஆண்டு திருத்தம் வரும்? அந்த வாக்கு யார் கையில் இருக்கிறது? சிக்கல் வந்தால் உதவ எத்தனை பேர் இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்வி புதியவர்க்கு மிக முக்கியம். ஊரோடு ஒத்து வாழ் என்பது இங்கே அப்படியே பொருந்தும். நமக்கு வரும் சிக்கல் இன்னொருவருக்கு ஏற்கெனவே வந்து தீர்ந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் சேர்த்து என் விடை: டெபியனின் நிலையான பதிப்பு. 2025 ஆகஸ்ட் 9-ல் 13-ஆம் பதிப்பு வந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று ஆண்டுகளும், அதன் மேல் நீண்டகால ஏற்பாட்டில் இரண்டு ஆண்டுகளும் ஆக ஐந்து ஆண்டுகள் திருத்தம் உண்டு. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. தன்னார்வலர்கள் 1997-ல் தங்களுக்குள் எழுதிக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின்படி நடத்துகிறார்கள். முப்பது ஆண்டு கடந்தும் விலை பேசப்படாமல் நிற்கிறது. நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல: சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் டெபியனை ஒட்டியதே, சிறிய ராஸ்பெரி பை கம்ப்யூட்டருக்கான ஆபரேட்டிங் சிஸ்டமும் அப்படியே.

உபுண்டு எல்.டி.எஸ். எடுத்தாலும் குறையில்லை. 24.04 பதிப்புக்கு 2029 வரை வழக்கமான திருத்தம் வருகிறது. புதியவர்களுக்கான குறிப்புகள் அதற்குத்தான் மிக அதிகம். ஆனால் அது ஒரு கம்பெனியின் வாக்கு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் இடத்தில் ரெட் ஹாட் என்றால் அல்மா அல்லது ராக்கியில் பழகுவது நல்லது. யூனிக்ஸை வேர் வரை கற்க ஆசைப்படுபவர்களுக்கு ஃப்ரீபி.எஸ்.டி. நல்ல வாத்தியார், கொஞ்சம் கண்டிப்பானவர், அவ்வளவுதான். விண்டோஸ் சர்வர் நன்றாகத் தெரிந்தவர் அதையே வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் செலவு மட்டும் உண்டு.

எதைப் போட்டாலும் மூன்று காரியங்களை முதல் நாளே செய்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்கும்படி வையுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் அதற்கான வசதி உண்டு. சர்வருக்குள் நுழையப் பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பைப் பயன்படுத்துங்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வேறு ஊரில் வையுங்கள். அந்த நகலிலிருந்து திரும்ப எழுப்ப முடிகிறதா என்றும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டிலேயே சர்வர் வைப்பதானால் கரண்ட் கட்டையும், நாளுக்கு நாள் மாறும் இண்டர்நெட் முகவரியையும் சமாளிக்க வேண்டும். பழகுவதற்கு வீடு போதும். ஊர் பார்க்க வேண்டிய வெப்சைட்டுக்கு மாத வாடகை இடமே நிம்மதி.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன கதையில் பெர்க்லி, ஹெல்சின்கி, இல்லினாய், பர்டூ என்று வந்த பெயர்களைப் பாருங்கள். அத்தனையும் கல்லூரி வளாகங்கள். உங்கள் வயதில் இருந்தவர்கள் தொடங்கியதைத்தான் உலகம் இன்று பயன்படுத்துகிறது. லேபில் மூலையில் கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.

முன்னாள் மாணவர்களான நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பேட்ச் போட்டோக்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் பேச்சுக்களும், இதோ இந்த மலர்களும் நம் பிள்ளைகள் காலத்திலும் இருக்க வேண்டுமானால், அவை நாம் சாவி வைத்திருக்கும் வீட்டில் இருக்க வேண்டும். வீடு கட்டினால் மட்டும் போதாது, ஆண்டுதோறும் ஒழுக்கு அடைக்க ஓர் ஆள் வேண்டும். சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்ந்தெடுக்கிறோம் அல்லவா? அத்தோடு சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும், அவர் ஊரில் இல்லாதபோது பார்த்துக்கொள்ள இன்னொருவரையும் அடுத்த பொதுக்குழுவிலேயே தேர்ந்தெடுத்துவிடுவோம்.